‘எல்லாமே ஓசிதானே?’: மாங்கூழ் மணிக்கு ஒரு கேள்வி

ராயக்கோட்டை ஹவில்தார்: நேற்று ராத்திரி மணி இங்கே ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். “அமெரிக்காக்காரன் பட்டாளத்துக்காரனுக்குச் சட்டம் போட்டு வைத்தியமும் படிப்பும் கொடுக்கிறான். இங்கே சட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவர்களுக்கு எல்லாமே ஓசிதானே?” மணி, நான் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் 22 வருடம் இருந்து 2019இல் வெளியே வந்தவன். முன்னாள் படைவீரர் வைத்தியத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். கார்டுக்கு 30,000 ரூபாய் கட்டினேன். இது ஓசியா?

மாங்கூழ் மணி: கோபப்படாதீர்கள் அண்ணா. அந்த 30,000 ஒரே ஒரு தடவை. அதில் நீங்கள், அண்ணி, பாப்பா, உங்கள் அம்மா எல்லோருக்கும் வைத்தியம். நான் என் வீட்டுக்கு வருடா வருடம் 26,000 இன்சூரன்ஸ் கட்டுகிறேன். சரி, ஓசி வேண்டாம். ஓசிக்குப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராயக்கோட்டை ஹவில்தார்: பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் வேண்டாம். 30,000 கட்டினேனா, இல்லையா?

ஊத்தங்கரை வாத்தியார்: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஓசி வேறு, சலுகை வேறு, உரிமை வேறு. முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1944 ஜூன் 22இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பட்டாளத்துக்காரர்களுக்காகக் கையெழுத்துப் போட்டது சட்டம், அதனால் உரிமை. அங்கேயே 2008இல் வந்த சட்டம் 36 மாதப் படிப்புச் செலவைத் தருகிறது, அதைப் பிள்ளைக்கும் மாற்றிக் கொடுக்கலாம். 2022இல் ஒரு சட்டம், போர்முனையில் குப்பை எரித்த குழிகளின் புகையால் நோய் வந்தவர்களுக்கு. நம் ஈ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரல் 1 முதல் அரசாணையில் ஓடுகிற திட்டம். நாடாளுமன்றச் சட்டம் இல்லை. பேச வேண்டியது இதைத்தான்.

மாங்கூழ் மணி: சார், மணி அடித்துவிட்டது, பாடத்தை மூடுங்கள். அந்த 30,000க்கு வருவோம்.

ராயக்கோட்டை ஹவில்தார்: அதையும் கேளுங்கள் வாத்தியாரே. பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்க அங்கேயும் இன்னும் 4 வருடம் வேலை செய்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவனும் ஓசியில் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை. 30,000 கட்டினேன்.

ஓசூர் நைட் ஷிப்ட்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 2003க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள் கவுண்டரில் போய்க் கட்டுவது கிடையாதே? வெளியே வரும்போது கிடைக்கிற பணத்தில் அவர்களே பிடித்துக்கொள்வார்கள். எங்கள் மாமாவுக்கு அப்படித்தான்.

மாங்கூழ் மணி: ஆகா! கட்டவில்லை, பிடித்தார்கள்! அண்ணா, நேற்றிலிருந்து “கட்டினேன் கட்டினேன்” என்கிறீர்களே?

ராயக்கோட்டை ஹவில்தார்: யார் பணத்தில் பிடித்தார்கள்? உங்கள் தோப்புக் குத்தகையிலா? என் பணத்தில் பிடித்தால் நான் கட்டியதுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை. மாதம் ஒரு நாள் விடிவதற்குள் கிளம்பி ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் போய் டோக்கன் போட வேண்டும். டாக்டரைப் பார்க்கப் பதினோரு மணி. அப்புறம் மருந்து ஜன்னல். சீட்டில் நாலு மருந்து இருந்தால் இரண்டுக்கு வட்டம் போட்டு ‘இல்லை’ என்று எழுதித் தருவார்கள். இன்சுலின் கிடைத்துவிட்டால் அன்றைக்குத் தீபாவளி. ஈரத்துண்டில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் வந்து சேர வேண்டும். ஓசியாம் ஓசி.

மாங்கூழ் மணி: அரசாங்க ஆஸ்பத்திரியில் நாங்களும்தான் நிற்கிறோம். எங்களுக்கு மட்டும் சோபா போட்டா வைத்திருக்கிறார்கள்? பாப்பாவுக்கு முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் உதவித்தொகை மாதம் 3,000 வந்ததே, அதை ஏன் சொல்லவில்லை?

ராயக்கோட்டை ஹவில்தார்: நாடு முழுக்க வருடத்துக்கு 5,500 பேருக்குத்தான் அது. என் மகள் மார்க் வாங்கினாள், கிடைத்தது. வாயைக் கிளறாதீர்கள் மணி. உங்கள் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் எந்த அட்டையில் நடந்தது? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில். வருட வருமானம் 1,20,000க்குள் என்று சான்றிதழ். நாலு ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பை வைத்துக்கொண்டு! அதற்கு எத்தனை ரூபாய் கட்டினீர்கள்?

மாங்கூழ் மணி: அம்மா தனி ரேஷன் கார்டு. வீட்டு விஷயத்தை இழுத்தால் எனக்கும் இழுக்கத் தெரியும். அந்தத் தோப்பு வருமானம் தெரிய வேண்டுமானால் சீசனில் கூழ் பேக்டரி வாசலில் லாரியோடு இரண்டு நாள் நின்று பாருங்கள்.

பாலக்கோடு தக்காளி: தருமபுரியோடு இருந்தவரை இந்த மாதிரிச் சண்டை உண்டா? 2004இல் கிருஷ்ணகிரி என்று தனி மாவட்டம் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள், அனுபவியுங்கள்.

மாங்கூழ் மணி: தக்காளி விலை ஏறினால் உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பேச்சும் ஏறிவிடும்.

பாலக்கோடு தக்காளி: மாங்காய் விலை இறங்கினால் உங்களுக்கு ஏறுகிறதே, அது மாதிரியா?

பென்னாகரம் பையன்: ஐயா, ஒரு சந்தேகம். என் தம்பி அக்னிவீரன். 4 வருடம் முடிந்ததும் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்களுக்கு பென்ஷன் இல்லை, ஈ.சி.எச்.எஸ். இல்லை, முன்னாள் படைவீரர் என்ற பெயரும் இல்லை. அவன் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது?

ராயக்கோட்டை ஹவில்தார்: தம்பி, அது வேறு விஷயம், அப்புறம் பேசலாம். முதலில் மணி ‘ஓசி’ என்ற சொல்லைத் திரும்ப வாங்கட்டும்.

மாங்கூழ் மணி: முதலில் நீங்கள் ‘கட்டினேன்’ என்ற சொல்லைத் திரும்ப வாங்குங்கள்.

ஊத்தங்கரை வாத்தியார்: அந்தப் பையன் கேட்டதுதானே நான் சொன்னது? சட்டமாக இருந்தால் இப்படி ஒரு ஆணையில்...

ராயக்கோட்டை ஹவில்தார்: வாத்தியாரே, உங்கள் பென்ஷன் யார் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்டேனா? இதோ என் பென்ஷன் உத்தரவு (பி.பி.ஓ.) பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். மூன்றாவது வரி. 30,000. எல்லோரும் பாருங்கள்.

மாங்கூழ் மணி: படம் படுத்திருக்கிறது அண்ணா. கட்டை விரல்தான் தெரிகிறது.

பென்னாகரம் பையன்: ஐயா, தம்பி விஷயம்?

ராயக்கோட்டை ஹவில்தார்: இங்கே வெளிச்சம் பத்தவில்லை. காலையில் வாசலில் வைத்து நேராக எடுத்துப் போடுகிறேன். மணி, ஓடிவிடாதீர்கள்.