2,30,000 கிலோமீட்டர் ஓடிய காரை வாங்கலாமா, விடலாமா?

புதுச்சாவி:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக்கு முதல் கார் பார்க்கிறேன். 13 வருடப் பழைய பெட்ரோல் கார் ஒன்று பிடித்திருக்கிறது. மேனுவல் கியர், ஒரே ஓனர், 2,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏறக்குறைய அதே விலைக்கு, அதே வயதில், 90,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய இன்னொரு காரும் வந்திருக்கிறது. ஆனால் அது மூன்று கை மாறியது, சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லை. முதல் வண்டிக்கு ஒரு ஃபைல் நிறைய பில் இருக்கிறது. தினமும் வேலைக்குப் போய்வர இது ஒன்றுதான் வண்டி. எதை எடுக்கலாம்?

நிதானம்:
இரண்டும் வேண்டாம். கொஞ்ச நாள் பொறுத்து, வயது குறைந்த வண்டியாகப் பாருங்கள். 2,30,000 ஓடிய காரில் கிளட்ச், ஷாக் அப்சார்பர், ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், வீல் பேரிங் எதுவுமே ஆயுளின் முற்பாதியில் இருக்காது. இதுவரை மாற்றாத ஒவ்வொன்றும் இனி உங்கள் கையில்தான் போகும். அவை ஒன்றாகப் போகாது, ஒன்று மாற்றி ஒன்று போகும், அதுதான் தொல்லை. வீட்டில் வேறு வண்டி இருந்தால் சமாளிக்கலாம். உங்களுக்கு அப்படி இல்லையே.

நெடுஞ்சாலை:
நிதானம் சார், எண்ணைப் பார்த்து மட்டும் மிரளாதீர்கள். நெரிசலில் சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் 90,000 ஓடிய கார் என்றால், இன்ஜின் 4,500 மணி நேரம் உழைத்திருக்கிறது. நெடுஞ்சாலையில் சராசரி 65-ல் 2,30,000 ஓடியது சுமார் 3,540 மணி நேரம்தான். அதிக கிலோமீட்டர் ஓடிய இன்ஜின் குறைவாக உழைத்திருக்கிறது! போதாததற்கு நெரிசல் வண்டியில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்வது, கிளட்சை மிதிப்பது, பிரேக் போடுவது எல்லாமே பல மடங்கு. புதுச்சாவி, அந்த ஓனர் வண்டியை எங்கே ஓட்டினார் என்று கேட்டீர்களா?

நிதானம்:
விற்கிற எல்லோரும் நெடுஞ்சாலையில் ஓட்டியதாகத்தான் சொல்வார்கள். அதை எதை வைத்து நம்புவது? மணிக் கணக்கு இன்ஜினுக்குப் பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். வீல் பேரிங்கும் டிரைவ் ஷாஃப்ட்டும் மணியைப் பார்ப்பதில்லை, எத்தனை முறை சுற்றினோம் என்றுதான் பார்க்கும். ரப்பர் புஷ், ஹோஸ், வயரிங் எல்லாம் ஓடினாலும் நின்றாலும் வயதுக்கே கெட்டுப்போகும். 13 வருடம் 13 வருடம்தான்.

ஸ்பேனர்:
பணிமனையில் வேலை செய்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மீட்டரை நம்பாதீர்கள். டிஜிட்டல் மீட்டரையும் கருவி மாட்டிக் குறைத்துவிடுகிறார்கள். 90,000 ஓடிய காரில் பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரம் நசுங்கி, ஸ்டீயரிங் பளபளவென்று இருந்தால் கணக்கு உதைக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டியை இப்படிப் பாருங்கள். முதல் வண்டிக்கு, பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும் கிலோமீட்டர் சீராக ஏறுகிறதா என்று பாருங்கள். எங்கேயாவது ஒன்றரை வருடம் பில்லே இல்லை என்றால் அந்த இடத்தில் நின்று கேளுங்கள்.

அப்புறம், போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிட்டு மறுநாள் போங்கள், ஏனென்றால் தேய்ந்த இன்ஜின் சொல்ல வேண்டியதை முதல் ஸ்டார்ட்டில்தான் சொல்லும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது என்று சந்தேகப்படுங்கள். ஆயில் மூடியின் அடியில் வெண்ணிறக் குழம்பு போல இருந்தாலும் கவனம். ஆனால் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அது வரும், அதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால், பிழைக் குறியீடு இல்லை என்றதும் நிம்மதியாகிவிட வேண்டாம். ரெடினஸ் மானிட்டர் என்று ஒரு பகுதி இருக்கும், கார் தன்னைத்தானே சோதிக்கும் சோதனைகளின் பட்டியல் அது. அதில் பல சோதனைகள் முடியாமல் கிடந்தால், சமீபத்தில் குறியீட்டை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

நெடுஞ்சாலை:
அருமை ஸ்பேனர் அண்ணா. நான் சொல்வதும் அதுதான், வண்டியின் ஆயுள் பராமரிப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் இர்வ் கார்டன் தனது 1966 மாடல் வால்வோ பி1800 காரை 2013-ல் 30 லட்சம் மைல் தாண்ட வைத்தார், கிட்டத்தட்ட 48 லட்சம் கிலோமீட்டர்! நேரம் தவறாமல் ஆயில் மாற்றினார், அவ்வளவுதான்.

நிதானம்:
அவ்வளவுதான் இல்லை. அவர் இடையில் இன்ஜினைப் பிரித்து வேலை செய்திருக்கிறார், போகிற பாகங்களை விடாமல் மாற்றியிருக்கிறார். அவர் கார் ஓடியது உண்மை, ஆனால் அதே வருடம் வாங்கிய எத்தனையோ கார்கள் இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அவருக்கு அது ஆசை, புதுச்சாவிக்கு அது பிழைப்பு. காலையில் வண்டி கிளம்பவில்லை என்றால் அவர் யாரிடம் போய் நிற்பார்?

அகல்:
இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள், உள்ளே உட்காருபவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. வழுக்கும்போது காரை நேராக்கும் ஈஎஸ்சி வசதி அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும்தான் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. 13 வருடப் பழைய காரில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். ஜப்பான் நிறுவனமான டகாட்டாவின் ஏர்பேக் விவகாரமும் அந்தக் காலத்துக் கார்களில்தான். வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கிடந்தால் ஏர்பேக்கை ஊதவைக்கும் அதன் இன்ஃப்ளேட்டர் வெடித்து உலோகத் துண்டுகள் முகத்தில் பாயும், உயிர்கள் போயிருக்கின்றன. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் திரும்பப் பெறும் பட்டியலில் வண்டி இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடமே பார்க்கலாம். இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2317 என்றால் 2017-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த ரப்பர் கிழம்.

புதுச்சாவி:
எல்லோருக்கும் நன்றி. 90,000 வண்டியின் பெடலைப் பார்த்தேன், ஸ்பேனர் அண்ணா சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டேன். முதல் வண்டியின் பில்களை அடுக்கினேன், கிலோமீட்டர் சீராக ஏறுகிறது. ஏர்பேக்கும் பட்டியலில் இல்லை. ஆனால் இன்ஜினில் வால்வுகளைப் பிஸ்டனோடு இசைவாக இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய பில் 1,02,000-ல் ஒன்றுதான் இருக்கிறது. மறுபடியும் மாற்றியாகிவிட்டது, பில் எங்கோ தொலைந்துவிட்டது என்கிறார் ஓனர்.

ஸ்பேனர்:
பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல மாடல்களுக்கு 1,00,000-ஐ ஒட்டி மாற்றச் சொல்வார்கள், சிலவற்றுக்கு இன்னும் கூடுதல், அத்துடன் வருடக் கெடுவும் உண்டு. உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். இந்த பெல்ட் அறுந்தால், பெரும்பாலான இன்ஜின்களில் திறந்திருக்கும் வால்வை பிஸ்டன் இடித்து வளைத்துவிடும். அதற்கு ஆகும் செலவைக் கேட்டால் வேறு இன்ஜினே போடலாம் என்று தோன்றும்.

நிதானம்:
பார்த்தீர்களா? ஃபைல் தடிமனாக இருக்கிறது, இருக்க வேண்டிய காகிதம் மட்டும் இல்லை. ஆயில் மாற்றிய பில்லைப் பத்திரமாக வைத்தவர் இதை மட்டுமா தொலைப்பார்?

நெடுஞ்சாலை:
உண்மையாகவே தொலைந்தும் இருக்கலாம் சார். அவரை ஏன் பொய்யர் ஆக்க வேண்டும்? பெல்ட் வேலைக்கான தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் இன்னும் நல்ல வண்டிதான்.

நிதானம்:
சரி, என் நிபந்தனை இது. வெளி மெக்கானிக் ஒருவர் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் துரு பார்க்க வேண்டும், நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே உண்டாகும் அழுத்தம், அளக்க வேண்டும். நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். வாங்கும் விலையில் நாலில் ஒரு பங்காவது முதல் வருட வேலைக்கென்று கையில் தனியாக இருக்க வேண்டும். அந்தப் பணம் இல்லையென்றால் இந்த வண்டி உங்களுக்கு இல்லை. அப்படி இருந்தாலும் நானாக இருந்தால் எடுக்க மாட்டேன்.

புதுச்சாவி:
பணம் ஒதுக்க முடியும். சோதனைக்கு ஓனரும் சம்மதித்துவிட்டார். வண்டியை முந்தைய இரவே நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் சரியாக இருந்து, அவர் விலையும் குறைத்தால் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். பெல்ட்டை எப்போது மாற்றுவது?

ஸ்பேனர்:
வண்டி கைக்கு வந்ததும், வேறு எங்கும் ஓட்டாமல் நேராகப் பணிமனைக்கு. பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அந்த பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், பிரிக்கிற கூலி ஒன்றுதான். பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் அன்றைக்கே. பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பில்லில் கிலோமீட்டரை எழுதச் சொல்லுங்கள்.