மலைக்குப் போன கதை வேண்டாம், அடிவாரத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்

தாமிரபரணித் தண்ணி:
திருநெல்வேலிப் பக்கம் பாபநாசம் வனத்துறை செக்போஸ்ட்டில் பையைக் கொட்டிக் காட்டச் சொல்வார்கள், தெரிந்ததுதான். நாலு பேர் மேலே காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கிளம்பினோம். சோப்பு, ஷாம்பு, சீயக்காய், அம்மா கொடுத்துவிட்ட நல்லெண்ணெய், எல்லாம் வெளியே வந்தது. "உள்ள கொண்டுபோகக் கூடாது" என்று ஒரே பேச்சு. எண்ணெயைக் கொட்ட மனசு வரவில்லை. பக்கத்து டீக்கடை ஆச்சி, "ஏன்யா முழிச்சிட்டு நிக்க? இங்கன வச்சிட்டுப் போ" என்றாள். ஏற்கெனவே ஆறேழு பை ஆணியில் தொங்கியது. அடையாளத்துக்கு ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் கிழிந்த துண்டு. எங்கள் பையை வாழைநாரால் கட்டினாள். நாலு டீ குடித்தோம். "வரும்போது குடுங்க, சில்லறை இல்ல" என்றாள்.
இறங்கி வரும்போது இருட்டிவிட்டது, கடை சாத்தியிருந்தது. பை மட்டும் வெளியே மூங்கிலில், அதே வாழைநார் முடிச்சோடு. எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தோம். டீக் காசு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

கல்லிடை அப்பளம்:
எனக்கு மாஞ்சோலை தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பஸ். காக்காச்சி வந்ததும் எல்லாரும் ஜன்னலில் போனோடு தொங்கினார்கள், என் பக்கத்துப் பெரியவர் மட்டும் திரும்பவேயில்லை. "ஊத்து எஸ்டேட்டுலதான் பொறந்தேன், அங்கதான் கவாத்து வெட்டினேன்" என்றார். இந்தத் தோட்டங்களுக்குச் சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் விட்ட 99 வருஷக் குத்தகை 2028இல்தான் முடிகிறது. அதற்கு முன்னாடியே, 2024இல், தோட்ட வேலை நின்றுபோனது. ஊத்தில் இறங்கினோம். இடுப்பில் இருந்து சாவியை எடுத்தார். தொழிலாளர் குடியிருப்பில் தன் லயன் வீட்டுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, நான் வந்த அதே பஸ்ஸில் கீழே இறங்கினார். நான் மழைக்காட்டில் நடக்கப் புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு போனவன். அதைக் கழற்றிவிடலாம் போல இருந்தது.

பொதிகை நடை:
முதலில் எழுதியவர் செக்போஸ்ட்காரரை வில்லன் ஆக்குகிறார். ஆச்சி நல்லவள்தான், சரி. ஆனால் அந்தச் சோப்புத் தண்ணீர் எங்கே போகும்? அதே தாமிரபரணி ஆற்றைத்தான் தூத்துக்குடி வரை குடிக்கிறார்கள். பாபநாசம் படித்துறையில் இறங்கியபோது என் காலில் ஒரு பழைய சேலை சுற்றிக்கொண்டது, பரிகாரம் என்று யாரோ விட்டது. பிடித்து இழுத்தால் பின்னாலேயே இன்னொன்று வந்தது. என் கதை அவ்வளவுதான்.
அப்புறம், அகத்தியர் மலை உச்சிக்கு (1,868 மீட்டர்) பாபநாசத்தில் இருந்து ஏறலாமா என்று கேட்டு யாரும் வர வேண்டாம். திருவனந்தபுரம் பக்கம் போனக்காடு போங்கள், கேரள வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். பாணதீர்த்தம் அருவிக்குப் படகு விடுகிறார்கள் என்ற பழைய கதையை நம்பி வராதீர்கள். அட்டை ஏறினால் பிய்க்காதீர்கள். ஆடி அமாவாசைக்குக் காரில் வந்து செக்போஸ்ட்டில் சண்டை போடாதீர்கள். குரங்குக்கு முறுக்கு போடாதீர்கள். முண்டந்துறையில் இறங்கி செல்ஃபி எடுக்காதீர்கள், அது புலிகள் காப்பகம்.

களக்காட்டான்:
யார் கேட்டா அண்ணாச்சி இதெல்லாம்?
தலையணை அருவிக்குப் போக விடிகாலை அஞ்சு மணிக்குக் களக்காட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் கறுப்பாக ஒன்று, நாய் என்று நினைத்தேன். கரடி. வாழைத்தார் ஏற்றிய வண்டியை முகர்ந்துவிட்டு நிதானமாகச் சந்துக்குள் போனது. டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. "சர்க்கரை கூடவா கம்மியா?" என்று கேட்டார். எனக்கு வாய் திறக்க வரவில்லை, கூடவே போட்டுவிட்டார்.

தாமிரபரணித் தண்ணி:
பொதிகை நடைக்கு: சோப்பைப் பிடித்தது தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? அடுத்த தடவை பாபநாசம் போனால், அந்த ஆச்சி கடை திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். நாலு டீ.