நாண்ட் டிரைவர்ல டிஎம்ஏ சேர்த்ததும் யூபிஐ அட்டாச் ஃபெயில், ஆனா நாண்ட்டம்ப் மட்டும் சரியா வருது

நட்டுகழண்டவன்:
வணக்கம் மக்களே. கார்டெக்ஸ் ஏ7 போர்டு, 256 எம்பி ராம், 2கே பேஜ் எஸ்எல்சி நாண்ட் (ஃப்ளாஷ் மெமரி சிப்), லினக்ஸ் கர்னல் 4.19. கையில இருந்த டிரைவர் முழுக்க பிஐஓ (சிபியூவே டேட்டாவ அள்ளிப் போடுறது), ஆமை வேகம், அதனால டிஎம்ஏ (சிபியூ இல்லாம ஹார்டுவேரே நேரா ராம்ல எழுதுறது) சேர்த்தேன். ரீடு பேஜ் ஃபங்ஷனுக்கு மேலேருந்து வர்ற பஃபர அப்படியே டிஎம்ஏ மேப் சிங்கிளுக்கு (பஃபரோட ஃபிசிகல் அட்ரஸ எடுத்துக் குடுக்குற கர்னல் ஃபங்ஷன்) குடுக்குறேன், இன்டரப்ட் வந்ததும் அன்மேப், அவ்ளோதான் கோடு. நாண்ட்டம்ப்ல (நாண்ட்ல இருக்குறத அப்படியே ஃபைலா எடுக்குற டூல்) முழு பார்ட்டிஷனும் எடுத்து எம்டி5 பாத்தா பழைய டிரைவரோட அச்சு அசலா ஒத்துப்போகுது. ஆனா யூபிஐ (நாண்ட் பிளாக்குகள நிர்வாகம் பண்ற கர்னல் லேயர்) அட்டாச் பண்ணா பிளாக் எல்லாம் ஒழுங்கா ஸ்கேன் ஆயிட்டு, வால்யூம் டேபிள் கிட்ட வந்ததும் "பேட் சிஆர்சி அட் ரெகார்ட் 0"ன்னு சொல்லி நின்னுடுது, இருக்கவேண்டிய சிஆர்சி (டேட்டா கெடலையான்னு பாக்குற செக் நம்பர்) எடத்துல வெறும் எட்டு சைபர்.

அந்த வால்யூம் டேபிள் பஃபர பிரிண்ட் பண்ணி பாத்தேன், மொத பைட் 255, அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் எல்லாமே சைபர்!! மண்டை காயுது. யாராவது சொல்லுங்கப்பா.

பேட்பிளாக்பாண்டி:
ப்ரோ டைமிங் பிரச்சனையா இருக்கும், கன்ட்ரோலர் கிளாக்க பாதியா குறைச்சு பாருங்க. இல்லனா ஈசிசி (பிட் தப்ப திருத்துறது) ஸ்ட்ரெங்த் செட்டிங்.

கேஷ்லைன்கணேசன்:
டைமிங்னா நாண்ட்டம்ப்பும் சொதப்பணுமே பாண்டி, அது சுத்தமா வருதுன்னு சொல்றாரே.

தம்பி, நீங்க பிரிண்ட் பண்ணதுலயே விடை இருக்கு. வால்யூம் டேபிள படிக்க யூபிஐ எடுக்குற பஃபர் வீஜெட்அலாக்ல வருது, அதாவது சைபர் போட்ட விமேலாக் மெமரி (ராம்ல அங்கங்க சிதறி இருக்குற பேஜ்கள வரிசையா காட்டுறது). அந்த மொத பைட் 255 யார் வேலைன்னா யூபிஐயோடதே தான், படிக்குறதுக்கு முன்னாடி பஃபரோட மொத பைட்ட வேணும்னே கெடுத்து வைக்கும், கீழ இருக்குற டிரைவர் ஒண்ணும் படிக்காமலே "ஆச்சு"ன்னு சொன்னா மாட்டிக்கணும்னு. மாட்டினது நீங்க. உங்க டிஎம்ஏ அந்த பஃபர தொடவே இல்ல.

அப்போ எங்க போச்சு? டிஎம்ஏ மேப் சிங்கிள் லீனியர் மேப்பிங்ன்னு (வர்ச்சுவல் அட்ரஸுக்கும் ஃபிசிகலுக்கும் எப்பவும் ஒரே வித்தியாசம்னு) நம்பி வெறும் கூட்டல் கழித்தல் போட்டு ஃபிசிகல் அட்ரஸ் குடுக்கும். உங்க 256 எம்பி லோமெம் (லீனியர் மேப்பிங்ல இருக்குற ராம்) முடிஞ்சு 8 எம்பி கேப் விட்டு தான் விமேலாக் ஏரியாவே ஆரம்பிக்குது, அதே கணக்க அங்க போட்டா ராம் ஆரம்பத்துலேர்ந்து 264 எம்பி தாண்டின ஒரு அட்ரஸ் வரும், அங்க ராமே கிடையாது. சில சிப்ல பஸ் எரர் வரும், சில சிப்ல டிடிஆர் கன்ட்ரோலர் சுத்தி வந்து ராமோட மொத எம்பிகள்ல எழுதிட்டு போயிடும், அங்க தான் கர்னலே உக்காந்திருக்கும். சிஆர்சி எரரோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க.

கடைசி வரைக்கும் சைபர் எப்படின்னா, டேபிள் சைஸ் 128 ரெகார்ட், ஒண்ணு 172 பைட், மொத்தம் 22016, யூபிஐ அத பேஜ் கணக்குக்கு ஏத்தி 22528 ஆக்கிடும். அது சரியா பதினோரு முழு பேஜ், எல்லாமே நேரா உங்க டிரைவருக்கு வந்துச்சு. ஹெடர் ஸ்கேன் பாஸ் ஆனது ஏன்னா, ஹெடர் அரை பேஜ்ங்கறதால நாண்ட் கோர் (டிரைவருக்கு மேல இருக்குற பொது நாண்ட் கோடு) தன்னோட சொந்த கேமேலாக் பஃபர்ல (லீனியர் மேப்பிங்ல வர்ற மெமரி) படிச்சு அங்கேருந்து காப்பி பண்ணி குடுத்துச்சு. நாண்ட்டம்ப் எம்டிடி (கர்னலோட ஃப்ளாஷ் லேயர்) கேரக்டர் டிவைஸ் வழியா போகுது, அங்க பஃபர் கேமேலாக், அதனால அதுல தெரியவே தெரியாது.

மருந்து ஒரு வரி: சிப் ஆப்ஷன்ஸ்ல நாண்ட் யூஸ் பவுன்ஸ் பஃபர் ஃப்ளாக போடுங்க (புது கர்னல்ல அதுக்கு பேரு நாண்ட் யூசஸ் டிஎம்ஏ). விமேலாக் பஃபர் வந்தா கோரே பவுன்ஸ் பண்ணிக்கும் (தன்னோட பஃபர் வழியா காப்பி பண்ணிக்கும்). கூடவே பஃப் அலைன் 64 வைங்க, ஏ7ல டேட்டா கேஷ் லைன் 64 பைட். அப்புறம் டிஎம்ஏ மேப்பிங் எரர் செக்க எங்கயுமே காணோமே? இப்போ வர்ற புது கர்னல்ல விமேலாக் அட்ரஸ குடுத்தா திட்டிட்டு எரர் திருப்பும், ஆனா நீங்க பாத்தா தானே.

நட்டுகழண்டவன்:
அண்ணா ஃப்ளாக் போட்டேன், அட்டாச்சும் ஆச்சு மவுண்ட்டும் ஆச்சு!! ஆனா ஒவ்வொரு பேஜுக்கும் மெம்காப்பின்னா டிஎம்ஏ போட்டதுக்கே அர்த்தம் இல்லாம போயிடாதா, விமேலாக் டு பேஜ் வெச்சு ஸ்கேட்டர் லிஸ்ட் (சிதறின பேஜ்களோட பட்டியல்) கட்டுனா காப்பியே வேணாம்ல? ரைட் பக்கம் வேற இப்போ ஒவ்வொரு தடவையும் ஜிஎஃப்பி கர்னல்ல (மெமரி இல்லன்னா காத்திருக்குற வகை) கேமேலாக் பண்ணி அதுல காப்பி பண்ணி அனுப்பிட்டு இருக்கேன்.

ஈசிசிஅக்கா:
ஒவ்வொரு பேஜுக்கும் இல்லப்பா, விமேலாக் பஃபர், அலைன் ஆகாதது, அரை பேஜ், இதுக்கு மட்டும் தான். அப்படியே ஆனாலும் எஸ்எல்சி சிப் உள்ள பேஜ எடுக்கவே 25 மைக்ரோசெகண்ட் கிட்ட, பஸ்ல 25 நானோசெகண்டுக்கு ஒரு பைட்னு வெச்சா 2கே வெளிய வர இன்னொரு 50. அதுக்கு முன்னாடி 2கே காப்பி பெருசாவே தெரியாது. ஸ்கேட்டர் லிஸ்ட் கட்டலாம், ஏ7ல ஓடும், ஏன்னா டேட்டா கேஷ் ஃபிசிகல் அட்ரஸ வெச்சு தான் இண்டெக்ஸ் ஆகுது. அதே டிரைவர நாளைக்கு யாராவது ஏஆர்எம்9 போர்டுல போட்டா, மேப் எஸ்ஜி லீனியர் அட்ரஸ மட்டும் கேஷ்லேருந்து கிளீன் பண்ணும், விமேலாக் பக்கத்து அட்ரஸ்ல பழைய டேட்டா அப்படியே நிக்கும். அதுக்கு ஃப்ளஷ் கர்னல் விமேப் ரேஞ்ச், இன்வாலிடேட்னு தனியா கூப்பிடணும். எதுக்கு வம்பு.

ரைட் பாத்ல ஜிஎஃப்பி கர்னல் போட்டிருக்கீங்க பாருங்க, அத மொதல்ல எடுங்க. மெமரி கம்மியாகும்போது கர்னல் டர்ட்டி பேஜ வெளிய தள்ள யூபிஐஎஃப்எஸ்க்கு (யூபிஐ மேல ஓடுற ஃபைல் சிஸ்டம்) காத்திருக்கும், அது உங்க டிரைவருக்கு காத்திருக்கும், உங்க டிரைவர் கேமேலாக்ல மெமரிக்கு காத்திருக்கும். லோடு டெஸ்ட்ல வராது, கஸ்டமர் எடத்துல வரும். ஃப்ளாக் ரைட்டுக்கும் சேர்த்து தான் வேலை செய்யும், அந்த கேமேலாக்கே தேவையில்ல. கன்ட்ரோலருக்குன்னு சொந்த பஃபர் வேணும்னா அட்டாச் சிப் கால்பேக்ல ஒரே தடவ எடுத்து வெச்சுக்கோங்க, ப்ரோப் ஆரம்பத்துல எடுத்தா பேஜ் சைஸ் அப்போ தெரியாது.

ரீடு ஐடி, ஸ்டேட்டஸ் மாதிரி நாலஞ்சு பைட் சமாச்சாரத்துக்கெல்லாம் டிஎம்ஏ வேணாம், பிஐஓலயே விட்டுடுங்க.