பாக் விரிகுடா முழுக்க ஒரே நீலம். கோப்பு கெட்டுவிட்டதா?

தீவுக்காரன்:
கல்லூரி புராஜெக்டுக்காக ஜெப்கோ என்ற உலகக் கடல் ஆழத் திட்டத்தின் கடலடித் தரவை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினேன். ராமேஸ்வரத்துக்கு வடக்கே முழுவதும் ஒரே நிறம். 100 மீட்டருக்கு ஒன்றாகச் சம ஆழக் கோடு போட்டால் அங்கே ஒன்றுகூட விழவில்லை. தெற்கே மன்னார் வளைகுடாவில் மட்டும் கோடுகள் நெருக்கியடிக்கின்றன. இரண்டு முறை திரும்ப இறக்கியும் இதே கதை.

வரைபடப் பித்தன்:
கோப்பில் கோளாறு இல்லை, கடலே அவ்வளவுதான். பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 9 மீட்டர் அளவுதான். 100 மீட்டர் கோடு எங்கிருந்து விழும்? தெற்கே ஆயிரக்கணக்கான மீட்டர் இறங்குவதால் நிறமெல்லாம் அந்தப் பக்கமே செலவாகிவிட்டது. சிம்பாலஜியில், அதாவது நிற அமைப்பில், குறைந்தபட்சம் -20, அதிகபட்சம் 0 என்று கையால் கொடுங்கள். கோட்டு இடைவெளி 2 மீட்டர்.

தீவுக்காரன்:
வந்துவிட்டது! தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் வரை மணல்திட்டு வெளிறிய நூல் மாதிரி தெரிகிறது. ஆனால் விரிகுடாவுக்குள் கோடுகள் பல்லுப் பல்லாக இருக்கின்றன.

வரைபடப் பித்தன்:
தரவில் ஒரு கட்டம் 15 கோண விநாடி, அதாவது சுமார் அரை கிலோமீட்டர். ஆழமும் முழு மீட்டராகத்தான் பதிவாகியிருக்கும். 9 மீட்டர் கடலில் 1 மீட்டர் என்பதே பெரிய படிக்கட்டு. மழுப்பி அழகாக்காதீர்கள். கூடவே டிஐடி என்றொரு கோப்பு கிடைக்கும். எந்தக் கட்டம் அளந்தது, எது இடைக்கணிப்பு, அதாவது அக்கம்பக்க அளவுகளை வைத்து ஊகித்தது, என்று அதில் தெரியும். புராஜெக்டில் அதையும் காட்டுங்கள்.

பாம்பன் பேரன்:
எங்கள் தாத்தா கயிற்றில் கல் கட்டி இறக்கி, இழுக்கும்போது இரு கையையும் விரித்து விரித்துப் பாகம் எண்ணுவார். வடகடலில், அதாவது இதே பாக் விரிகுடாவில், ஐந்து பாகத்தில் தரை தட்டும், கல்லில் சேறு ஒட்டி வரும். ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 9!

தீவுக்காரன்:
அருமை அண்ணா. ஏன் இவ்வளவு தட்டை என்று வைவாவில் கேட்டால்?

வரைபடப் பித்தன்:
இந்தியாவும் இலங்கையும் ஒரே கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடி மேடையின்) மேல் உட்கார்ந்திருக்கின்றன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது இந்த விரிகுடா நடந்தே கடக்கும் நிலம். பிறகு கடல் ஏறியது, வண்டலும் மணலும் படிந்தன. ஒப்பிட்டுக் காட்ட திருகோணமலையை எடுங்கள். அங்கே கடலடிப் பள்ளத்தாக்கு கொட்டியார் விரிகுடாவுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

தீவுக்காரன்:
திறந்தேன். அங்கேயும் ஒரே நீலம்... சரி சரி, அந்த -20-ஐ மாற்ற மறந்துவிட்டேன்.