அயிலைக்குப் பக்கத்தில் வாழைப்பழம்

வாட்ஸ்அப் குழு: தோட்டத்து வீடு

சனிக்கிழமை

[காலை 8:12] நான்: சித்தப்பா, படத்தைப் பாருங்கள். நீங்கள் புதன்கிழமை வடசேரி பஸ்ஸில் ஏற்றிவிட்ட வாழைக்குலை இது. நேற்று ராத்திரி வரை பச்சையாக இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் ஏழு படலையும் (சீப்பும்) சொல்லிவைத்த மாதிரி மஞ்சள்.

[8:15] குலசேகரம் சித்தப்பா: பாளையங்கோட்டன் அப்படித்தான் மக்களே. சாக்கோடு வைத்திருந்தாயா?

[8:15] நான்: ஆமாம். அவிழ்க்கவே இல்லை.

[8:17] குலசேகரம் சித்தப்பா: பின்னே? புகை போட்ட மாதிரி ஆகிவிட்டது. வந்த அன்றே வெளியே எடுத்துத் தொங்கவிட்டிருக்க வேண்டும்.

[8:19] மைனி (அண்ணன் மனைவி, தக்கலை): பழம் விடுகிற எத்திலீன் வாயு சாக்குக்குள்ளேயே நின்றிருக்கும். ஒன்று பழுத்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

[8:24] நான்: மாடி வீடு, எதிர்வீடு, பால்காரர், தண்ணீர் கேன் போடுகிற பையன் எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. இன்னும் நாலு படலை கிடக்கிறது. நாளைக்குக் கறுத்துவிடும்.

[8:26] அம்மா: உண்ணியப்பம் சுடலாமே.

[8:26] நான்: அம்மா, நீ பக்கத்து அறையில்தானே இருக்கிறாய்?

[8:27] அம்மா: கூப்பிட்டால் உன் காதில் விழவில்லை. போன் என்றால் உடனே பார்க்கிறாய்.

[8:31] நான்: இந்த மே மாத வெயிலில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் யார் நிற்பது?

[8:40] தங்கச்சி (பெங்களூரு): ஐஸ்கிரீம் செய் அக்கா. வாழைப்பழம் மட்டும் போதும். துண்டு போட்டு உறையவைத்து மிக்ஸியில் அடித்தால் முடிந்தது.

[8:41] நான்: ஐஸ்கிரீம் பேச்சை எடுக்காதே. போன வாரம் பட்டது போதும்.

[8:42] மைனி (தக்கலை): என்ன நடந்தது? சொல்லவே இல்லையே.

[8:50] நான்: சொல்கிற மாதிரியா இருந்தது மைனி? அப்டா மார்க்கெட்டில் இரண்டு அன்னாசி வாங்கினேன். ஒன்றை அரைத்துப் பால் ஊற்றி, சர்க்கரை கலந்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் அம்மிக்கல். ஸ்பூன் வளைந்ததுதான் மிச்சம். ஒருவழியாகச் சுரண்டி வாயில் வைத்தால் கசப்பு. கசப்பு இறங்கியதும் பின்னாலேயே அயிலை மீன் மணம். பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. அவர் மட்டும் "நல்லாத்தானே இருக்கு" என்று முழுதும் சாப்பிட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

[8:52] அண்ணன் (குவைத்): மச்சான் பாவம்.

[8:58] மைனி (தக்கலை): கசப்பு, பால் சேர்த்ததால் வந்தது. வேகவைக்காத அன்னாசியில் புரோமெலைன் என்று ஒரு நொதி உண்டு. பாலில் இருக்கிற புரதத்தை அது வெட்டிப்போட்டுக்கொண்டே இருக்கும், நேரம் ஆக ஆகக் கசக்கும். நிறைய அன்னாசி தின்றால் நாக்கு எரிகிறதே, அதே ஆள்தான். முதலில் அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்கவிட்டால் அடங்கிவிடும்.

[9:01] குலசேகரம் சித்தப்பா: ரப்பருக்கு இடையில் கைதச்சக்கை, அதுதான் உங்கள் அன்னாசி, போட்டவன் நான் இங்கே இருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? அதற்கு உப்பும் மிளகாய்த்தூளும் போதும். பால் ஊற்றச் சொன்னது யார்?

[9:01] நான்: யூடியூப்.

[9:09] மைனி (தக்கலை): கல்லானதற்குக் காரணம் தண்ணீர். அன்னாசியில் 100 பங்குக்கு 86 பங்கு தண்ணீர்தான். பாலும் பெரும்பாலும் தண்ணீர். அசையாமல் கிடந்து மெதுவாக உறைந்தால் ஐஸ் படிகங்கள் பெரிதாக வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடையில் கடைந்துகொண்டே உறையவைக்கிறார்கள், அதனால் படிகம் பெரிதாக வழியில்லை, நடுவில் காற்றும் புகும். வாழைப்பழத்திலும் முக்கால் பங்கு தண்ணீர்தான், ஆனால் அதன் சர்க்கரையும் பெக்டினும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் உறைந்த துண்டை அரைத்தால் வெண்ணெய் மாதிரி வருகிறது. தோலில் கரும்புள்ளி விழுந்த பழம்தான் இதற்கு நல்லது. மாவு குறைந்து சர்க்கரை கூடியிருக்கும்.

[9:10] அண்ணன் (குவைத்): டீச்சர், மணி அடித்துவிட்டது.

[9:10] மைனி (தக்கலை): உங்களுக்கு இன்று ராத்திரி வீடியோ கால் கிடையாது.

[9:16] கொட்டாரம் அத்தை: (குரல் செய்தி, 1 நிமிடம் 52 வினாடி)

[9:21] நான்: அத்தை, இங்கே தண்ணீர் மோட்டார் சத்தம். யாராவது கேட்டுச் சொல்லுங்களேன்.

[9:27] மைனி (தக்கலை): நான் அம்மா இல்லை, மகன். கொட்டாரம் பாட்டி பேசியதை எழுதுகிறேன். முதல் 40 வினாடி சீரியல். அப்புறம் பாட்டி சொன்னது: "மீன் வைக்கிற பெட்டியில் பழத்தைத் திறந்து வைத்தவளை என்ன சொல்ல? பாலும் நெய்யும் இருக்கிற பண்டம் பக்கத்து வாடையை எல்லாம் இழுக்கும். மூடி இறுக்கமான டப்பா வேண்டும். பிறகு ஒரு விஷயம். தம்பி அந்தக் குலையோடு ஒரு படலை மட்டி வாழைப்பழமும் வைத்து அனுப்பியிருப்பான். அதை அரைக்கக் கூடாது." கடைசியில் மறுபடியும் சீரியல்.

[9:29] தங்கச்சி (பெங்களூரு): மட்டியை ஏன் அரைக்கக் கூடாது?

[9:34] கொட்டாரம் அத்தை: மட்டி கையில் உரித்துத் தின்கிற பழம். மணம்தான் அதற்கு மதிப்பு.

[9:37] குலசேகரம் சித்தப்பா: அக்கா சொன்னது சரி. 2023இல் புவிசார் குறியீடு வாங்கின பழம் கேட்டியா. மிக்ஸிக்குள் போடவா கொடுத்தார்கள்?

[9:40] மைனி (தக்கலை): குளிர்ந்தால் நாக்குக்கு மணமும் இனிப்பும் குறைவாகத்தான் தெரியும். மட்டியை உறையவைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

[9:41] நான்: மட்டியைக் காலையிலேயே அம்மா தின்றாயிற்று. சண்டையை முடியுங்கள்.

[9:41] அம்மா: நாலுதான் தின்றேன்.

[9:55] தங்கச்சி (பெங்களூரு): சரி, நான் செய்கிற விதம் சொல்கிறேன். தோலை முதலிலேயே உரித்துவிடு. தோலோடு உறையவைத்தால் கறுத்துப்போய், பிறகு நகத்தால் சுரண்ட வேண்டிவரும். விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பு. குவித்துப் போட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகி மிக்ஸி பிளேடு மாட்டிக்கொள்ளும். ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். அரைக்கும்போது மிக்ஸியை ஒரேயடியாக ஓடவிடாமல் விட்டுவிட்டு ஓட்டு. முதலில் மணல் மாதிரி உதிரும், பயந்துபோய்ப் பாலை ஊற்றிவிடாதே. பக்கத்தில் வழித்துவிட்டு இன்னும் இரண்டு சுற்று ஓட்டினால் சட்டென்று திரண்டு வரும்.

[10:20] நான்: ஃப்ரீசரில் தட்டு வைக்க இடம் இல்லை. இரண்டு கிலோ அயிலை, ஒரு பொட்டலம் நெத்தோலி, போன மாத நெய்மீன் தலை ஒன்று.

[10:22] அம்மா: மீன் அங்கேதான் இருக்கும். குளச்சலில் இருந்து வந்தது. பழத்துக்கு வேறு இடம் பார்.

[10:24] நான்: பழத்துக்கு வேறு எங்கே உறையும் இடம் இருக்கிறது, பேச்சிப்பாறை அணையிலா?

[10:31] அம்மா: நெத்தோலியை எடுத்து இன்று பொரித்துவிடுகிறேன். அந்த இடத்தை வைத்துக்கொள். அயிலையைத் தொடாதே.

[11:05] நான்: பத்துப் பழம் துண்டு போட்டாயிற்று. இறுக்கமான மூடி போட்ட டப்பாக்கள் இரண்டு, நடுவில் வாழையிலைக் கீற்று. அயிலையை மூன்று கவருக்குள் கட்டிவிட்டேன்.

[மதியம் 1:18] நான்: கரண்ட் போய்விட்டது.

[1:19] தங்கச்சி (பெங்களூரு): ஐயோ.

[1:47] நான்: சாயங்காலம்தான் வருமாம். துண்டுகளை அழுத்திப் பார்த்தேன். வெளியே கெட்டி, உள்ளே குழைவு. பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "ஆயிற்றா" என்கிறார்கள். மாடி வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

[1:52] மைனி (தக்கலை): திறந்து திறந்து பார்க்காதே. மூடியே கிடந்தால் நிறைந்த ஃப்ரீசர் ஒரு நாளைக்கு மேல்கூடத் தாங்கும்.

[2:04] குலசேகரம் சித்தப்பா: மக்களே, கரண்ட் எதற்கு? வீட்டில் தூக்குவாளி இருக்கிறதா? கல்லுப்பு இருக்கிறதா?

[2:05] நான்: இரண்டும் இருக்கிறது. புத்தளத்து உப்பு ஒரு பை நிறைய.

[2:12] குலசேகரம் சித்தப்பா: நாங்கள் சின்ன வயதில் செய்தது இது. பெரிய வாளியில் ஐஸை உடைத்துப் போட வேண்டும். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. நடுவில் தூக்குவாளியை மூடியோடு இறக்கி, பிடியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான். மைனிக்குத் தெரியும், கேட்டுப் பார்.

[2:13] மைனி (தக்கலை): எனக்கா மாமா? நான் பார்த்ததே இல்லையே.

[2:13] குலசேகரம் சித்தப்பா: உன்னை இல்லை பிள்ளே, உன் மாமியை. எனக்கு அவள்தான் மைனி.

[2:15] அம்மா: தெரியும். திருப்புவது நீ, தின்பது உன் அண்ணன்.

[2:21] மைனி (தக்கலை): மாமா சொன்ன கணக்கு சரிதான். உப்பு ஐஸை உருகவைக்கும், உருகுவதற்கு வேண்டிய சூட்டைச் சுற்றிலும் இருந்து உறிஞ்சிக்கொள்ளும். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரைகூட இறங்கும். நம் வீட்டு ஃப்ரீசரே 18தான். அதனால் அந்த உப்புத் தண்ணீருக்குள் பிள்ளைகள் கைவிடாமல் பார்த்துக்கொள், தோல் புண்ணாகிவிடும். மூடி வழியாக உப்பும் உள்ளே போகக் கூடாது.

[2:40] நான்: மூலையில் இருக்கிற ஜூஸ் கடையில் இரண்டு கிலோ ஐஸ் கிடைத்தது. மிக்ஸி இல்லாததால் பாதி உறைந்த பழத்தை மத்தால் மசித்தேன். மோர் கடைகிற மத்துதான். அம்மா ஒரு முறி தேங்காய் துருவிக் கையால் பிழிந்து முதல்பால் எடுத்துக் கொடுத்தாள், ஒரு டம்ளர் வந்தது. ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், மூன்று ஸ்பூன் கருப்பட்டிப் பாகு.

[2:42] தங்கச்சி (பெங்களூரு): பழம் மட்டும் போதும் என்றேனே!

[2:43] கொட்டாரம் அத்தை: கருப்பட்டி போடட்டும். நல்லது.

[2:44] மைனி (தக்கலை): இங்கே கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் வேண்டும். சர்க்கரையும் கொழுப்பும் இருந்தால் கல்லாக உறையாது.

[2:46] நான்: மார்த்தாண்டம் தேனும் இருக்கிறது. மாடி வீட்டுக் கைக்குழந்தைக்கும் ஒரு நக்கு கொடுக்கலாம் என்று பார்த்தேன்.

[2:46] மைனி (தக்கலை): வேண்டாம்! ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கிற கிருமி விதை அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சாகும்.

[2:47] நான்: தேன் புட்டியை உள்ளே வைத்துவிட்டேன்.

[3:10] நான்: வாளியைச் சுற்றித் துவர்த்துத் துண்டைக் கட்டியிருக்கிறேன். ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு ஐம்பது சுற்று. எண்ணுவதில் அடிதடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து, ஓரத்தில் ஒட்டுவதைக் கரண்டியால் வழித்து நடுவில் தள்ளுகிறேன்.

[3:12] மைனி (தக்கலை): அந்த வழிப்புதான் முக்கியம். விடாதே.

[3:31] நான்: சித்தப்பா! திரண்டுவிட்டது! கரண்டியைக் கவிழ்த்தால் விழவில்லை.

[3:32] குலசேகரம் சித்தப்பா: கல்லா?

[3:34] நான்: கல் இல்லை. கட்டித் தயிருக்கும் குல்பிக்கும் நடுவில். நிறம்தான் சாம்பலும் தவிட்டு நிறமுமாக, படம் எடுத்தால் யாரும் விரும்ப மாட்டார்கள். அடுத்த தடவை மசித்ததும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட வேண்டும். வாயில் வைத்தால் முதலில் கருப்பட்டி, அப்புறம்தான் பழம். மீன் மணம் இல்லை. ஐந்து பேருக்கும் மோந்து பார்க்கக் கொடுத்துச் சத்தியம் வாங்கிவிட்டேன்.

[3:36] அண்ணன் (குவைத்): இங்கே 44 டிகிரி. படமாவது போடு.

[3:37] நான்: வாளியின் அடி மட்டும் இருக்கிறது. போடவா?

[3:45] கொட்டாரம் அத்தை: (குரல் செய்தி, 9 வினாடி)

[3:47] மைனி (தக்கலை): மகன்தான் மறுபடியும். பாட்டி "எனக்கு வைத்தாயா" என்று கேட்டார்கள். சீரியல் இல்லை.

[3:50] குலசேகரம் சித்தப்பா: இதே மாதிரி பலாச்சக்கையில் செய்யலாம். கூழன் வேண்டாம், நார் மத்தில் சுற்றும். வருக்கைச் சுளைதான் சரி, அதையும் பொடியாக நறுக்கிவிட்டு மசிக்க வேண்டும். மரத்தில் இரண்டு முற்றி நிற்கிறது. திங்கட்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடட்டுமா?

[3:51] நான்: ஒன்று போதும் சித்தப்பா. சாக்கில் கட்டாதீர்கள்.

[மாலை 6:20] நான்: கரண்ட் வந்துவிட்டது.

[6:34] அம்மா: நீ திறந்து திறந்து பார்த்ததில் அயிலை எல்லாம் இளகிவிட்டது. இனி உள்ளே வைத்தால் நன்றாக இருக்காது. இரண்டு கிலோவையும் குழம்பு வைக்கிறேன். தக்கலைக்காரர்கள் ஏழரை பஸ்ஸைப் பிடியுங்கள். கொட்டாரத்துக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்புகிறேன்.

[6:35] கொட்டாரம் அத்தை: வாளியை நன்றாகக் கழுவிக் கொடு.