புதுப்பிப்பு: கார்டில் வந்த அந்த ரூ. 18,408 எதற்கு என்று தெரிந்துவிட்டது

முதலில் கேட்டிருந்தது இதுதான்: அலுவலக கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டில் யாருக்கும் தெரியாத பெயரில் ரூ. 18,408. மோசடி இல்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கு வாங்கிய எல்.இ.டி பேனல்கள்.

குழப்பியது பெயர். ஸ்டேட்மென்ட்டில் வருவது கடைப் பலகையில் உள்ள பெயராக இருக்க வேண்டியதில்லை. வங்கியில் ஸ்வைப் மெஷினுக்குப் பதிந்த பெயர்தான் வரும், அதுவும் 20, 25 எழுத்துக்குள் வெட்டுப்பட்டு. மொத்த விளக்கு வியாபாரத்தில் பலகைக்கு ஒரு பெயர், ஜி.எஸ்.டிக்கு ஒரு பெயர் என்பது சகஜம்.

துப்பு கொடுத்தது தொகைதான். எல்.இ.டி விளக்குக்கு ஜி.எஸ்.டி 18%. 18,408-ஐ 1.18-ஆல் வகுத்தால் சரியாக 15,600. அதாவது 12 பேனல், ஒன்று 1,300. உதிரியில்லாமல் முழு எண் வந்தால் பெரும்பாலும் அது ஏதோ ஒரு பில். பில்லில் உள்ள 15 இலக்க ஜி.எஸ்.டி எண்ணை ஜி.எஸ்.டி இணையதளத்தில் தேடினால் சட்டப்பெயர், வர்த்தகப் பெயர் இரண்டும் வரும். தேதி ஓரிரு நாள் தள்ளியிருந்தால் பயம் வேண்டாம், அது கணக்கில் ஏறிய தேதி.

எதுவும் பொருந்தவில்லையா? கடைக்காரரைத் தேடி நாளைக் கடத்தாமல் முதலில் கார்டை முடக்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, மூன்றாம் தரப்பு மோசடியை (உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாதது) வங்கித் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு பூஜ்யம்; 4 முதல் 7 வேலை நாள் என்றால் வரம்புக்குட்பட்ட இழப்பு உங்களுடையது. ஓ.டி.பியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போனது போனதுதான்.