சுகர் மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் பொடி கொடுக்கலாமா?

ஈசூன் மகள்:
அம்மாவுக்கு 64 வயது, பத்து வருடமாக இனிப்பு நீர். போன மாதம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) 7.9%, கெட்ட கொலஸ்ட்ரால் 3.2 மில்லிமோல். பாலிகிளினிக்கில் சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிபிசைட், கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த சித்தி சுகரை இறக்கும் என்று சிறுகுறிஞ்சான் பொடியும் ஆவாரம்பூவும் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து, இது கேட்டால் மாத்திரையை விட்டுவிடலாம் என்று அம்மா தினமும் சொல்கிறார். வெந்தயம் ஏற்கெனவே ஊறவைத்துச் சாப்பிடுகிறார். எல்லாம் சேர்த்துக் கொடுக்கலாமா? பயமாக இருக்கிறது.

தேக்கா வாசி:
தங்கச்சி, வெந்தயம் இருக்கட்டும். அதிலுள்ள வழவழப்பான நார்ச்சத்து, சாப்பிட்டதும் சுகர் சட்டென்று ஏறாமல் பார்த்துக்கொள்ளும். கவனிக்க வேண்டியது கிளிபிசைட். அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை, நாம் சாப்பிடாமல் இருந்தாலும் சுகரை இறக்கிவிடும். என் மாமியாரும் அதே மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் குடித்தார், ஒரு நாள் விடியற்காலை உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்க எங்களை எழுப்பினார், விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 3.1 மில்லிமோல். நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று டீஸ்பூன் சீனி கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. பொடிதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன், முந்தின இரவு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஆனால் பொடி குடிப்பதை டாக்டரிடம் நாங்கள் சொல்லவே இல்லை, அது எங்கள் தப்பு.

மருந்தாளர்:
மாத்திரையை அம்மா தாமாக நிறுத்த விடாதீர்கள். கொலஸ்ட்ராலுக்குச் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை நல்லது என்று யாராவது சொன்னால் அதுவும் வேண்டாம். அதிலிருக்கும் மொனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்தேதான், அட்டோர்வாஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசையும் ஈரலும் பாதிக்கப்படலாம். அப்புறம், லேபிள் இல்லாத மூலிகை கேப்சூல் எதையும் தொடாதீர்கள். 2008-இல் இங்கே சிங்கப்பூரிலேயே போலி ஆண்மை மாத்திரைகளிலும் மூலிகை என்று விற்ற சிலவற்றிலும் கிளிபென்கிளமைடு என்ற சுகர் மருந்து கலந்திருந்தது. நீரிழிவே இல்லாத 150 பேர் சுகர் படுமோசமாக இறங்கி மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 4 பேர் இறந்தார்கள்.

ஈசூன் மகள்:
நன்றி அண்ணா, நன்றி மருந்தாளர். பொடி, ஆவாரம்பூ இரண்டையும் அப்படியே பையில் போட்டுச் செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் காட்டப் போகிறேன். அதுவரை பொடி என் அலமாரியில். அம்மாவுக்குக் கோபம்தான். மாமியார் இப்போது எப்படி இருக்கிறார்?

தேக்கா வாசி:
நன்றாக இருக்கிறார். டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார். வெந்தயத்தை மட்டும் விடவில்லை.